மூன்று பிரிவுகளில் ஆடியவன்

2012ஆம் வருடம் பொங்கலை ஒட்டிக் கண்டரமாணிக்கத்தில் நடந்த டென்னிஸ் பால் போட்டியின் அரையிறுதி ஆட்டம். மாலை ஐந்தே முக்கால் மணி. உயரமாக எழும்பிய பந்தைப் பிடிக்க அண்ணாந்து பார்த்தபடி ஓடிய அருள்பாண்டி, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த மின்கம்பத்தில் நேராகப் போய் மோதினான். காலையிலிருந்து அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான். கன்னத்து எலும்பில் விரிசல் விழுந்தது.

அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. மானகிரி அணியின் ஆல்ரவுண்டர். பந்தும் போடுவான், நாலாவதாக இறங்கி அடிக்கவும் செய்வான். சுற்று வட்டாரத்தில் அவன் பெயர் தெரியும். ஆனால் ஐந்து மணிக்கு மேல் அவன் கேட்ச் பிடிக்க மாட்டான் என்பதும் தெரியும். அதைச் சோம்பல் என்றார்கள், திமிர் என்றார்கள். அவனே அப்படித்தான் நினைத்திருந்தான். வெளிச்சம் குறைந்தால் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் போலும், மற்றவர்கள் சமாளிக்கிறார்கள், நமக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்று.

மதுரையில் கன்னத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், கம்பம் எப்படித் தெரியாமல் போனது என்று இரண்டு முறை கேட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் அனுப்பினார். அவர் அரை நாள் பரிசோதித்துவிட்டுச் சொன்னது இதுதான். விழித்திரை ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. பிறவியிலேயே வந்த கோளாறு. இப்போது நடுவில் நன்றாகத் தெரிகிறது, பக்கவாட்டில் தெரியாது. அந்த நடுவும் வருடா வருடம் சுருங்கும். எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல முடியாது. மருந்து கிடையாது.

அப்பா கோட்டைச்சாமி மானகிரியில் மூன்று ஏக்கர் விவசாயம் செய்கிறவர். டாக்டர் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அப்ப வண்டி ஓட்டக் கூடாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்த மறுநாள் அருள்பாண்டியின் மோட்டார் பைக் விற்கப்பட்டது. கிரிக்கெட் மட்டையை யாரும் விற்கவில்லை. அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

மறு வருடம் சிவகங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கு அடையாள அட்டை கொடுக்கும் முகாம் நடந்தது. அங்கே விவரம் எழுதிக்கொண்டிருந்தவர் யூஜினியா என்ற சிறப்பாசிரியை. படிப்பு, தொழில் எல்லாம் கேட்டுவிட்டு, "விளையாட்டு ஏதாச்சும்?" என்றார்.

"கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்தேன்."

"இப்ப?"

"இப்ப எப்பிடி மேடம் ஆடுறது?"

"ஆடுறாகளே. மதுரையில பார்வையில்லாதவுக ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆடுறாக. போயிப் பாருங்க."

அவனுக்குக் கோபம் வந்தது. தான் குருடன் இல்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்ப இந்த வரிசையில எதுக்கு நிக்கிறீக?" என்று கேட்டுவிட்டு ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு ஏழு மாதம் அவன் சட்டைப்பையிலும் பெட்டியிலுமாகக் கிடந்தது. 2014 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினான்.

அந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். பந்து கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே சிறு பால்ரஸ் குண்டுகள் கிடந்து உருளும்போது கலகலக்கும். கையைத் தோளுக்கு மேல் தூக்காமல், கீழிருந்தே போட வேண்டும். போடுவதற்கு முன் பவுலர் "ரெடி?" என்று கேட்க வேண்டும், பேட்ஸ்மேன் "யெஸ்" என்ற பிறகு "ப்ளே" என்று சொல்லிப் பந்தை விட வேண்டும். ஆட்டக்காரர்கள் மூன்று பிரிவு. பி-1 என்றால் பார்வையே இல்லாதவர்கள். பி-2 மிகக் குறைந்த பார்வை உள்ளவர்கள். பி-3 அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறவர்கள். பதினொரு பேரில் பி-1 குறைந்தது நாலு பேர், பி-2 மூன்று பேர் இருக்க வேண்டும். பி-3 நாலு பேருக்கு மேல் கூடாது. பி-1 ஆட்டக்காரர் அடிக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கில் ஏறும். அவருக்காக ஓட ரன்னர் ஒருவர் உண்டு.

அருள்பாண்டி அன்று பி-3. முதல் பந்தைப் போட வந்தவர் மரியப்பன் என்ற பாட்டு வாத்தியார், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அருள்பாண்டி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் மட்டையைப் பிடித்தான். "ரெடி?" "யெஸ்." "ப்ளே." பந்து தரையை ஒட்டிச் சரசரவென்று வந்தது. எழும்பும் என்று எதிர்பார்த்து அவன் சுற்றிய மட்டைக்கு அடியில் புகுந்து இரும்பு ஸ்டம்பில் பட்டு டணார் என்றது.

பக்கத்தில் ஃபீல்டிங் நின்றவன் விழுந்து விழுந்து சிரித்தான். "புது ஆளா? எந்த ஊரு தம்பி?"

"மானகிரி."

"நான் சிங்கம்புணரி. முத்துக்கண்ணன். வாத்தியாரு என்னையும் மொதப் பந்துலதான் தூக்குனாரு. குனிஞ்சு ஆடணும், முட்டி போட்டு."

முத்துக்கண்ணன் அருள்பாண்டியைவிட நாலு வயது மூத்தவன். பிறக்கும்போதே கண்ணில் புரை. சின்ன வயதில் ஆபரேஷன் செய்தும் முழுதாகச் சரியாகவில்லை. பி-2. சிங்கம்புணரியில் அண்ணனோடு சேர்ந்து தேங்காய் நார்க் கயிறு திரிக்கும் பட்டறை வைத்திருந்தான். அவனும் ஆல்ரவுண்டர்தான். அடுத்த மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் சந்தித்து ஒன்றாகவே மைதானத்துக்குப் போனார்கள். கூட்டத்தில் முத்துக்கண்ணனுக்குத் தூரத்து பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது, அருள்பாண்டிக்குத் தெரியும். அருள்பாண்டிக்குப் பக்கவாட்டில் வரும் ஆட்டோ தெரியாது, முத்துக்கண்ணனுக்கு மங்கலாகத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று முத்துக்கண்ணன் சொல்வான்.

2015இல் இருவரும் மாநில அணியில் இடம் பிடித்தார்கள். 2017இல் அருள்பாண்டி இந்திய அணிக்கு ஆடினான். டெல்லியில் வங்கதேசத்துக்கு எதிராக முதல் ஆட்டம். இருபத்தொன்பது பந்தில் நாற்பத்தொரு ரன், இரண்டு விக்கெட். மானகிரியில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் "பார்வையற்றோர்" என்ற சொல் மட்டும் இல்லை. அவன் அம்மாதான் அதைப் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். முத்துக்கண்ணனுக்கு இந்திய அணியில் இடம் வரவில்லை. உத்தேசப் பட்டியலில் இருந்தான், அடுத்த முறை என்றார்கள்.

அந்த அடுத்த முறை 2019இல் வந்தது. காத்மாண்டுவில் ஐந்து நாடுகள் ஆடும் தொடர். பயிற்சி முகாமுக்கு இருவரையும் அழைத்திருந்தார்கள். முகாமின் கடைசி வாரத்தில், கண் பரிசோதனைக்கு முதல் நாள், பயிற்சியாளர் அருள்பாண்டியைக் கூப்பிட்டார். வடக்கத்திக்காரர். பாதி இந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னார். பி-3இல் ஆறு இடத்துக்கு ஒன்பது பேர் இருக்கிறார்கள். எல்லாரும் உன்னைவிட இளையவர்கள். உன் நோய் கூடிக்கொண்டே போகும் வகை என்று மருத்துவக் குறிப்பில் பார்த்தேன். நாளைக்கு நீ பி-2 என்று வந்தால் பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது. அவ்வளவுதான் சொன்னார். பொய் சொல் என்று சொல்லவில்லை. அருள்பாண்டியும் பின்னாளில் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் காலை அவனை ஒரு கிண்ணம் போன்ற கருவிக்கு முன் உட்கார வைத்தார்கள். தாடையை மேடையில் ஊன்றிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் வந்து போகும். ஒன்று தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பரிசோதனை அவனுக்குப் புதிதல்ல. ஏழு வருடமாகச் செய்கிறான். தன் பார்வையின் விளிம்பு எங்கே என்று அவனுக்கு உள்ளங்கை போலத் தெரியும். நடுவில் வந்த பொட்டுகளுக்கு அழுத்தினான். விளிம்பில் ஒரு வளையம் அளவுக்கு வந்தவற்றைப் பார்த்தான், அழுத்தவில்லை. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து இருபது நிமிடம் ஆனது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "போன தடவைக்கு இப்ப கொஞ்சம் சுருங்கியிருக்கு" என்று இரக்கத்தோடு சொன்னார். பி-2 என்று எழுதினார்.

பட்டியல் வந்தது. பி-2இல் ஐந்து பெயர்கள். ஐந்தாவதாக இருக்க வேண்டிய முத்துக்கண்ணன் ஆறாவதானான். முகாமிலிருந்து இருவரும் ஒரே ரயிலில்தான் திரும்பினார்கள். முத்துக்கண்ணன் வழியெல்லாம் அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தான். "கண்ணு கொறைஞ்சிருச்சுன்னு மனசு விட்றாத அருளு. காத்மாண்டு போறேல்ல? அத நினைச்சுக்க."

காத்மாண்டுவில் அருள்பாண்டி நன்றாக ஆடினான். பி-2 ஆட்டக்காரர்களில் அவன் அளவுக்குப் பந்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. இலங்கைக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மிட்விக்கெட்டில் ஒரு கேட்சைப் பாய்ந்து ஒற்றைக் கையால் பிடித்தான். அவுட்டான பேட்ஸ்மேன் போகாமல் நின்று, அவன் எந்தப் பிரிவு என்று அம்பயரிடம் கேட்டான். இலங்கை மேலாளர் அன்று மாலை சாப்பாட்டுக் கூடத்தில் அருள்பாண்டி தட்டில் சோறு போட்டுக்கொள்வதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். புகார் எதுவும் கொடுக்கவில்லை. அதன் பிறகு நேபாளத்துக்கு எதிராக அவன் கைக்கு நேராக ஒரு பந்து வந்தது. மானகிரியில் ஆறு வயதுப் பிள்ளை பிடித்துவிடும். அவன் கையை அரை நொடி தாமதமாக விரித்தான். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. சக ஆட்டக்காரர்கள் கைதட்டி, பரவாயில்லை என்றார்கள். தன் வாழ்க்கையில் வேண்டுமென்றே விட்ட ஒரே கேட்ச் அதுதான் என்று அவன் சொல்வதுண்டு.

இந்தியா ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் அவன் எழுபத்தெட்டு ரன் அடித்தான். தொடரின் சிறந்த ஆல்ரவுண்டர் என்று கோப்பை கொடுத்தார்கள். காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பாராட்டு விழா வைத்து, டெலிபோன் பிரிவில் வேலையும் கொடுத்தார்கள். வந்த அழைப்பைக் கேட்டு எந்த டாக்டருக்கு, எந்த வார்டுக்கு என்று இணைத்துவிடும் வேலை. குரல் நன்றாக இருந்ததால் நோயாளிகளின் வீட்டாருக்கு அவனைப் பிடித்துவிட்டது. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ரோகிணிக்கும் பிடித்துவிட்டது. 2021இல் கல்யாணம். முத்துக்கண்ணன் மனைவியோடு முதல் நாளே வந்து பந்தலில் நின்றான்.

2022 மார்ச்சில் வழக்கமான கண் பரிசோதனை. அருள்பாண்டி இந்த முறை தெரிந்த எல்லாப் பொட்டுகளுக்கும் அழுத்தினான். ஒன்றைக்கூட விடவில்லை. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பார்வை வட்டம் நாலு பாகைக்கு வந்துவிட்டது, பி-2 என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் சொன்ன பொய்யை நோய் எட்டிப் பிடித்துவிட்டது. எந்த மாதத்தில் எட்டிப் பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ரோகிணி கேட்டாள். "நல்லதாச் சொன்னாகளா?"

"இல்ல. கொறைஞ்சிருச்சு. நாலுன்னு சொல்றாரு."

"அதுக்கு எதுக்குச் சிரிக்கிறீக?"

தான் சிரித்தது அவனுக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் முழுக்கக் கேட்டாள். அவள் வேலையே ரத்த மாதிரியைப் பரிசோதித்து, வந்த எண்ணை வந்தபடி எழுதுவது. "கண்ணு போனதுல உங்களுக்கு நிம்மதி. அப்பிடித்தான?" என்றாள்.

அவன் பரிசோதனைக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"அந்த அண்ணன் நம்ம கல்யாணத்துல பந்தி பரிமாறுனாக. அவுககிட்டப் போயிச் சொல்லிட்டு வாங்க. நான் கூட வரல."

அடுத்த வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுச் சிங்கம்புணரிக்குப் போனான். சந்தை நாள் என்பதால் கூட்டம். பஸ் நிலையத்திலிருந்து பட்டறைக்கு ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கயிறு திரிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முத்துக்கண்ணன் நார்த் தூசி படிந்த தலையோடு வந்து அவன் கையைப் பிடித்தான். "ஒரு போன் போட்டா நான் வந்து கூட்டியாந்திருப்பேன்ல. சாப்ட்டியா?"

"மிஷின நிறுத்தச் சொல்லுண்ணே. ஒண்ணு சொல்லணும்."

மிஷின் நின்றது. அருள்பாண்டி நின்றபடியே சொன்னான். சாக்கு எதையும் சேர்க்கவில்லை. பயிற்சியாளர் பேசியதைக்கூடச் சொல்லவில்லை.

முத்துக்கண்ணனுக்கு அது உடனே பிடிபடவில்லை. "தெரிஞ்சும் அமுக்கலயா?" என்று கேட்டான். பிறகு மறுபடியும் அதையே கேட்டான். அருள்பாண்டி இரண்டு முறையும் ஆமாம் என்றான்.

"ரயில்ல நான் உன்னையத் தேத்திக்கிட்டு வந்தேனேடா."

"ஆமாண்ணே."

"நீ கேட்டுக்கிட்டே வந்தேல்ல."

அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். முத்துக்கண்ணன் உள்ளே போனான், திரும்பி வந்தான். "எனக்கு அப்ப முப்பது வயசு. அதுக்குப் பெறகு என்னைய ஒரு முகாமுக்கும் கூப்புடல. எனக்குச் சரக்கு தீந்துபோச்சுன்னு நானே நினைச்சுக்கிட்டேன். எங்கிட்ட வந்து சொன்னா ஆச்சா? போர்டுல போயிச் சொல்லு." பிறகு மிஷினைப் போடச் சொன்னான். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை.

மாநிலச் சங்கச் செயலாளர் குமரப்பன் காரைக்குடிக்காரர், ஓய்வு பெற்ற கல்லூரி விரிவுரையாளர். சங்கத்துக்காகத் தன் வீட்டு முன்னறையையே ஆபீஸாக ஆக்கியிருந்தார். அருள்பாண்டி எழுதிக் கொண்டுபோன கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அன்னைக்கு டாக்டர் எழுதுன காகிதம் பி-2ங்குது. இன்னைக்குக் காகிதமும் பி-2ங்குது. நடுவுல பொய்யின்னு நான் எதை வச்சுப் போர்டுக்கு அனுப்புவேன் அருள்பாண்டி? அனுப்புனா உன்னைய மட்டுமா விசாரிப்பாங்க? கோப்பையையே கேப்பாங்க. அந்தப் பதினேழு பேருல நாலு பேருக்கு அதை வச்சுத்தான் வேலை கிடைச்சிருக்கு."

"அப்ப நான் என்ன சார் செய்யிறது?"

"நீ பாட்டுக்கு ஆடு. இதை விட்டுரு."

கடிதத்தை மடித்து அவன் கையிலேயே கொடுத்தார். அருள்பாண்டி அதை முத்துக்கண்ணனிடம் போனில் சொன்னான். எதிர்முனையில் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "அவரு விடுவாரு. அவருக்கென்ன?" போன் வைக்கப்பட்டது.

அதிலிருந்து மூன்று வருடம் முத்துக்கண்ணன் அவனிடம் பேசவில்லை. ஆனால் இருவரும் மாநில அணியில் தொடர்ந்து ஆடினார்கள். பேசாமல் ஆட முடியாத விளையாட்டு அது. எதிர்முனையில் இருப்பவன் குரல் கொடுக்காவிட்டால் ஓட முடியாது. எனவே முத்துக்கண்ணன் ஆட்டத்துக்கு வேண்டிய சொற்களை மட்டும் பேசினான். யெஸ். நோ. ரெண்டு. நில்லு. அந்தச் சொற்களைத் தெளிவாக, சரியான நேரத்தில், எப்போதும் போலவே சொன்னான். ஒருமுறைகூடத் தவறாகக் கூப்பிட்டு அவனை ரன் அவுட் ஆக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொள்வான். மற்றவர்கள் காரணம் கேட்டார்கள். இருவரும் சொல்லவில்லை.

இதற்கிடையே அருள்பாண்டி இந்தியாவுக்கு மேலும் பதினொரு ஆட்டங்கள் ஆடினான், உண்மையான பி-2ஆக. ரன் குறைந்துகொண்டே வந்தது. பந்து பாதித் தூரத்தில் காணாமல் போய், காலடியில் திடீரென்று முளைத்தது. 2024 தொடக்கத்தில் நடுப் பார்வையும் புகை மூட்டமானது. முதலில் ரோகிணியின் முகத்தில் கண்கள் தெரியாமல் போயின, பிறகு முகமே. ஆகஸ்டில் டாக்டர் அவன் முகத்துக்கு முன்னால் கையை அசைத்து, "என்ன தெரியுது?" என்றார். வெளிச்சம் வருகிறது என்றான். கை தெரிகிறதா என்று கேட்டபோது, கையா என்று திருப்பிக் கேட்டான்.

பி-1.

மூன்று மாதம் அவன் மைதானத்துப் பக்கம் போகவில்லை. வேலைக்கு மட்டும் போய் வந்தான். டெலிபோன் வேலைக்குக் கண் தேவைப்படவில்லை. தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரோகிணி பந்தையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த பொட்டலுக்கு அவனைக் கூட்டிப்போனாள். அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது. கோலப்பொடியால் கோடு போட்டுக்கொண்டு, "ரெடி?" என்றாள்.

"கைய நேரா வச்சு உருட்டணும்."

"தெரியும். யெஸ் சொல்லுங்க மொதல்ல."

"யெஸ்."

"ப்ளே."

முதல் நாள் அறுபது பந்தில் நாலு மட்டையில் பட்டது. கண் இருந்தவரை அவன் சத்தத்தை ஒரு துணையாகத்தான் வைத்திருந்தான். இப்போது அது மட்டும்தான். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்பது காதுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது என்பதுதான் பிடிபடவில்லை. சத்தம் கூடும் வேகத்தை வைத்துத்தான் அதைக் கணிக்க வேண்டும். பிப்ரவரியில் பத்துக்கு நாலு பட்டது. ஏப்ரலில் பத்துக்கு ஏழு. மெதுவாக, அளவு தப்பாமல் போடும் பந்து வீச்சு மட்டும் அவனிடம் அப்படியே இருந்தது. பி-1 பவுலர்கள் கட்டாயம் இத்தனை ஓவர் போட வேண்டும் என்று விதி இருப்பதால் மாநில அணிக்கு அவன் உடனே தேவைப்பட்டான்.

2025 செப்டம்பரில் பெங்களூரில் தென்மண்டலப் போட்டி. கேரளத்துக்கு எதிரான ஆட்டத்தன்று காலை அருள்பாண்டிக்கு ரன்னராக இருந்த பையனுக்குக் காய்ச்சல். கேப்டன் மரிய ஜெரால்டு உடை மாற்றும் அறையில் பொதுவாகக் கேட்டான். "அருள் அண்ணனுக்கு யாரு ஓடுறது?"

"நான் ஓடுறேன்" என்றது முத்துக்கண்ணனின் குரல்.

அருள்பாண்டி ஏழாவது ஓவரில் இறங்கினான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது என்பதற்காக பி-1 ஆட்டக்காரர்கள் எல்லாரும் போட வேண்டியது அது. முதல் இரண்டு பந்து மட்டையில் படவில்லை. மூன்றாவதை முட்டி போட்டு மட்டையைத் தரையோடு சுழற்றினான். பட்ட சத்தம் கேட்டது. அதோடு முத்துக்கண்ணனின் "யெஸ்" கேட்டது, அவன் காலடி அகன்று போனது, திரும்பி வந்தது. ஒரு முறை போய் வந்தால் இரண்டு ரன், கணக்கில் நாலு. முத்துக்கண்ணனுக்கு முப்பத்தாறு வயது. பதினான்காவது ஓவரில் அவன் இழுத்து இழுத்து மூச்சு விடுவது அருள்பாண்டிக்குத் தெளிவாகக் கேட்டது.

"போதும்ணே, ஒண்ணொண்ணா ஓடுவோம்" என்றான்.

முத்துக்கண்ணன் அடுத்த பந்துக்கும் இரண்டு ரன் ஓடினான். தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் பாட்டிலை அவன் கையில் வைத்துவிட்டு, "இங்குட்டு லெக் சைடுல மூணு பேரக் கொண்டாந்து நிறுத்திட்டாய்ங்க. அங்குட்டு பாயிண்ட்டுல ஆளே இல்ல. மட்டையத் திருப்பித் தட்டிவிடு, நான் பாத்துக்கிறேன்" என்றான். மூன்று வருடத்தில் அவன் சொன்ன மிக நீளமான பேச்சு அது.

அருள்பாண்டி தட்டிவிட்டான். மட்டையிலிருந்து முப்பத்தெட்டு ரன் வந்தது, பலகையில் எழுபத்தாறு. பதினெட்டாவது ஓவரில் மூன்றாவது ரன்னுக்குத் திரும்பியபோது முத்துக்கண்ணன் வழுக்கி விழுந்தான். ரன் அவுட். அருள்பாண்டி கணக்கில்தான் அந்த அவுட் எழுதப்பட்டது. இருவரும் ஒருவர் தோளில் மற்றவர் கைவைத்தபடி வெளியே வந்தார்கள். அப்படித்தான் பி-1 ஆட்டக்காரரைக் கூட்டிவர வேண்டும், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. தமிழ்நாடு ஒன்பது ரன்னில் ஜெயித்தது.

ஊருக்குத் திரும்பும்போதும் முத்துக்கண்ணன் வேறு சீட்டில்தான் உட்கார்ந்தான். ஆனால் மாட்டுத்தாவணியில் இறங்கியதும் அருள்பாண்டியைக் காரைக்குடி பஸ் நிற்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "வார மாசம் எம்பிள்ளைகளுக்குக் காது குத்து. பத்திரிகை வரும். வர்றதும் வராததும் உன் இஷ்டம்" என்றான்.

"வாரேண்ணே."

"நீ செஞ்சது செஞ்சதுதான். அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல."

"தெரியும்ணே."

அருள்பாண்டியும் ரோகிணியும் போனார்கள். முத்துக்கண்ணன் தன் மாமனாரிடம் அவனை, "மானகிரி. இந்தியாவுக்கு ஆடுற ஆளு" என்று அறிமுகப்படுத்தினான். அவர் எந்த டிவியில் வரும் என்று கேட்டார். டிவியில் வராது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பந்தியில் அருள்பாண்டிக்கு இலையில் எது எங்கே இருக்கிறது என்று சொன்னது முத்துக்கண்ணனின் மனைவி. முத்துக்கண்ணனுக்கு விருந்தாளிகளைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது.

டிசம்பரில் இந்திய அணி அறிவிக்கப்பட்டது. கொழும்பில் மூன்று ஆட்டங்கள். பி-1 பட்டியலில் அருள்பாண்டியின் பெயர் இருந்தது. வேறு எந்தப் பட்டியலிலும் முத்துக்கண்ணனின் பெயர் இல்லை. வயதைக் காரணம் சொன்னார்கள். அருள்பாண்டி போன் செய்தான். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அவன் யோசிப்பதற்குள் முத்துக்கண்ணனே பேசினான்.

"பாத்தேன். போயிட்டு வா. அங்க உனக்கு ரன்னர் யாரு?"

"தெரியலண்ணே. ஒடிசாப் பையன் ஒருத்தன்னு சொல்றாக."

"மொத நாளே அவனோட ஒரு மணி நேரம் ஓடிப் பாரு. சத்தம் கொடுக்காம ஓடுறவனா இருந்தா வேற ஆளக் கேளு. கூச்சப்படாத."

கொழும்பில் அருள்பாண்டி மூன்று ஆட்டங்களிலும் ஆடினான். இருபத்தாறு, பூஜ்யம், நாற்பது. விக்கெட் நாலு. இந்தியா தொடரில் தோற்றது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் மருத்துவமனைக்குத் திரும்பி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் அழைப்பை எடுத்தான்.